கொம்பன் பெயரைக் கூப்பிட்டபோது

நம் முதலாளி மாறன் என்னிடம் கேட்டது இரண்டே பக்கம். புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக, "வேல எப்படி நடக்குதுன்னு கொஞ்சம் எழுதிக் குடுங்க அங்கிள்" என்றான். நம் ஸ்டூடியோவில் வேலை எப்படி நடக்கிறது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எப்படி நடக்க வேண்டும் என்பது மட்டும் தெரியும். இரண்டும் வேறு வேறு என்பதை முதல் வாரத்திலேயே நீங்கள் கண்டுகொண்டிருப்பீர்கள்.

சிரம்பான் பக்கம் ரந்தாவில் மோட்டார் பட்டறைக்கு மேல்மாடியில் இருக்கும் அந்த இடத்துக்கு நீங்கள் படியேறி வந்தபோது நான் படியிறங்கிப் போயிருந்தேன். ஆகவே இப்படி எழுத்தில்தான் அறிமுகம். படம் வரைவது, வரைந்ததை அசைய வைப்பது பற்றியெல்லாம் நான் சொல்லப்போவதில்லை; அதில் உங்களுக்குத் தெரிந்ததில் கால்வாசிகூட எனக்குத் தெரியாது. நான் மவுஸைப் பிடிப்பது மண்வெட்டியைப் பிடிப்பதுபோல இருக்கிறது என்று உருவங்கள் வரையும் சேகரன் சொல்வான். நான் ரப்பர் தோட்டத்து அலுவலகத்தில் பெரிய கிராணியாக, அதாவது தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். மண்வெட்டி பிடித்ததே இல்லை. அதனால் அந்த ஒப்பீடு சரிதானா என்று என்னால் சொல்ல முடியவில்லை.

ஓய்வு பெற்ற புதிதில் என் மகள் ஒரு டேப்லெட்டை என் மடியில் வைத்துவிட்டு, "நியூஸே படிச்சிக்கிட்டு இருந்தா பிரஷர்தான் ஏறும்பா, வேற எதாச்சும் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். வேறு எதையாவது பார்க்கப் போய் அசைவூட்டக் குறும்படங்களில் விழுந்தேன். ஒரு கிழட்டு நத்தை தன் ஓட்டில் பாதியை வாடகைக்கு விடுகிறது. அவ்வளவுதான் கதை. வசனமே கிடையாது. முடிந்தபோது நான் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியிருந்தது. வெங்காயம் நறுக்குகிறாய் போலிருக்கிறது என்று மனைவியிடம் சொன்னேன். "இன்னிக்கி வெளிய சாப்பிடலாம்னு நீங்கதானே சொன்னீங்க, அடுப்பே பத்த வைக்கல" என்றாள் அவள். தோட்டத்துத் துரைமார் நடத்திய கூட்டங்களில் அரைநாள் அரைநாளாக உட்கார்ந்திருக்கிறேன். அந்த நத்தை சொன்னதில் பாதியைக்கூட அங்கே எவரும் சொன்னதில்லை.

அப்படித்தான் ஒரு நாள் மாறனின் 'ஒன்பது சாவடி' என்ற வீடியோ விளையாட்டைப் பற்றிய ஒரு குறும்படம் கண்ணில் பட்டது. பார்த்தேன், பிறகு விளையாட்டையும் இறக்கி விளையாடினேன். உங்களுக்குத் தெரிந்ததுதான் என்றாலும் சொல்கிறேன். மூடுபனி சூழ்ந்த ஒரு மலைப்பாதை. வழியில் ஒன்பது சாவடிகள். ஒவ்வொன்றிலும் ஒரு காவலர், ஒரு விளக்கு. விளக்கு அணைந்தால் பனி உள்ளே வந்து ஆளைத் தின்றுவிடும். விளையாடுபவர் எண்ணெய் சுமந்துகொண்டு போக வேண்டும். நான் பாதிக்கு மேல் நகரவில்லை, ஏனென்றால் ஒவ்வொரு சாவடியிலும் நின்று சுவரில் கிறுக்கியிருந்ததை எல்லாம் படித்துக்கொண்டிருந்தேன். எந்தக் காவலர் யாருக்கு மாமன், எந்தக் கதவு ஏன் கோணலாக இருக்கிறது, யார் யாரோடு பேசுவதில்லை. இதை நீங்கள் லோர் என்கிறீர்கள். நம் ஊரில் இதற்குத் தலபுராணம் என்று பெயர். அம்மனுக்கு மூக்குத்தி ஏன் இடப்பக்கம் என்று கேட்டுப் பாருங்கள். பூசாரி உங்களை உட்கார வைத்து மத்தியானம் வரை சொல்வார்.

தலபுராணத்தில் பிழை இருந்தால் என்னால் தூங்க முடியாது. மூன்றாம் சாவடிக் காவலர் தொடக்கத்தில், தான் கடலையே பார்த்ததில்லை என்கிறார். பின்னால் ஓரிடத்தில், உயிரோடு பிடித்த கடல் நண்டின் ருசியை வர்ணிக்கிறார். மலைமேல் நண்டு எப்படி வந்தது, யார் கொண்டுவந்தார்கள் என்று கேட்டு மாறனுக்கு எழுதினேன். இன்னும் சிலவற்றையும் சேர்த்திருந்தேன். "அங்கிள், வேலைக்கு வரீங்களா?" என்று பதில் வந்தது. கேலி என்று நினைத்தேன். போய்ப் பார்த்தால் மேசை, நாற்காலி, காற்றாடி எல்லாம் தயாராக இருந்தன. தலபுராணக் காப்பாளர் என்று பதவிக்கு நானே பெயர் வைத்துக்கொண்டேன். சேகரன் அன்றே வேறு பெயர் வைத்துவிட்டான்: "இல்லாத ஊருக்குக் கிராணி."

சேகரனை உங்களுக்குத் தெரிந்திருக்கும். மூலை மேசையில் எப்போதும் எதையாவது மென்றுகொண்டு உருவங்கள் வரைந்துகொண்டிருப்பவன் அவன்தான். நல்ல மனசு. நடந்த குழப்பத்துக்கு அந்த மனசுதான் காரணம்.

அதைப் புரிந்துகொள்ள நீங்கள் பெரட்டைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். தோட்டத்தில் வெளிச்சம் வருமுன் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடுவதுதான் பெரட்டு. நான் வேலைக்குச் சேர்ந்தபோது இருந்த பெரிய கிராணி எனக்கு அதைக் கற்றுக்கொடுத்தார். அவர் பெயரை இங்கே எழுதவில்லை. தேவையில்லாத இடத்தில் பெயர் எழுதினால் அவருக்குப் பிடிக்காது. "கொரலக் கேட்டு முடிச்சதும் மொகத்தத் தேடு தம்பி," என்பார். "கொரல எரவல் குடுக்கலாம். மொகத்தக் குடுக்க முடியாது." காய்ச்சலில் படுத்திருப்பவனுக்காக, மனைவியோடு சண்டை போட்டு வராமல் போனவனுக்காக, வேறொருவன் "இருக்கேன்" என்று குரல் கொடுப்பது தோட்டத்தில் சாதாரணம். அதை யாரும் ஏமாற்று என்று நினைத்ததில்லை. உதவி என்றுதான் நினைத்தார்கள்.

நம் ஸ்டூடியோவில் எந்தப் படத்தையும் வெளியே அனுப்புமுன் நான் பெரட்டு வைத்தேன். பாத்திரங்களின் பெயரைக் கூப்பிடுவேன். அந்தப் பாத்திரத்துக்குப் பொறுப்பானவர், கதையில் அது இருந்தால் "இருக்கு" என்பார், வேறிடம் போயிருந்தால் போன இடத்தைச் சொல்வார், காயம் பட்டிருந்தால் காயத்தைச் சொல்வார். முதல் நாள் எல்லோரும் சிரித்தார்கள். ஒற்றைக் கண் காவலருக்கு இரண்டு கண்ணும் வரைந்திருப்பது மூன்றாம் பெரட்டில் பிடிபட்டபோது சிரிப்பு நின்றது.

இனி கலாவைப் பற்றி. கலா, கோலா கிளாவாங் என்ற ஊரிலிருந்து தினமும் மலைப்பாதையில் கார் ஓட்டி வருகிறவள். வங்கி வேலையை விட்டுவிட்டு நம்மிடம் சேர்ந்தவள். அவளுடைய அப்பா அதைப் பற்றி வீட்டில் பேசுவதில்லை. சொந்தக்காரர்கள் கேட்டால் இன்னும் வங்கியில் இருப்பதாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். கலா முதன்முதலாகத் தானே இயக்கிய குறும்படம் 'ஆறாவது விளக்கு'. அதை முதலில் ரந்தாவுக்குப் பக்கத்துத் தோட்ட மண்டபத்தில் ஒரு சனிக்கிழமை மாலை திரையிட்டு, அதே நேரத்தில் இணையத்திலும் நேரலையாகக் காட்டுவதாக ஏற்பாடு. அப்பாவை அழைத்திருந்தாள். அவரும் வருவதாகச் சொல்லிவிட்டார். அந்த வாரம் முழுவதும் அவள் சாப்பிட்டதை நான் பார்க்கவில்லை.

படத்தின் கதை இதுதான். ஆறாம் சாவடிக் காவலர் கொம்பன், விளையாட்டின் நடுவில், மற்றவர்கள் தப்பிப் போவதற்காகக் கதவைத் தன் முதுகால் தாங்கி நின்று பனியில் போய்விடுகிறார். மாட்டுக்கொம்பு போல மேல்நோக்கி வளைந்த மீசை அவருக்கு. விளையாடியவர்கள் எல்லோருக்கும் அவர்மேல் உயிர். அவர் போன பிறகு ஆறாம் சாவடி ஆளில்லாமல் கிடக்கிறது. சின்னி என்று ஒரு சிறுமி, யாரும் சொல்லாமலே, தினமும் மாலையில் வந்து அந்த விளக்கை ஏற்றிவிட்டுப் போகிறாள். கடைசியில் ஒரு நாள் அவருடைய முக்காலியில் ஏறி உட்கார்கிறாள். கால் தரைக்கு எட்டவில்லை. அத்தோடு படம் முடிகிறது. அந்த முக்காலி காலியாக இருக்கும் காட்சிகளை வைத்தே கலா படத்தைக் கட்டியிருந்தாள்.

படத்தில் ஒரு சந்தைக் காட்சி உண்டு. கூட்டத்துக்கு ஆள் போதவில்லை. சேகரன் பழைய உருவங்களை எடுத்துச் சட்டையை மாற்றிப் பின்னால் நிறுத்தினான். அதில் ஒருவர் கொம்பன். தலைப்பாகையை மாற்றினான், சட்டையை மாற்றினான். மீசையை விட்டுவிட்டான்.

இது பெரட்டில் பிடிபட்டிருக்க வேண்டும். ஆனால் அன்று நான் ரெம்பாவில் ஒரு கல்யாணத்தில் இருந்தேன். சேகரன் இன்றும் வேறு மாதிரி சொல்லித் திரிவதால் இதை இங்கேயே பதிந்துவிடுகிறேன். எனக்குப் பதிலாக மாறன் காரில் போய்க்கொண்டே தொலைபேசியில் பெரட்டு நடத்தினான். கதையில் இறந்துபோனவர்களின் பெயரைக் கூப்பிடுவதில்லை என்பது நடைமுறை. மாறன் நினைவிலிருந்து வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனதில் "கொம்பன்" என்றும் சொல்லிவிட்டான். யாரும் பேசவில்லை. பெயர் அந்தரத்தில் நிற்பது சேகரனுக்குப் பொறுக்கவில்லை. பள்ளிக்கூடத்திலேயே வகுப்பில் பாதிப் பேருக்குக் குரல் கொடுத்தவன். வாய் நிறைய மீ கோரெங் நூடுல்ஸோடு, "இருக்காரு பாஸ்!" என்றான். சந்தையில் நிறுத்தியது அவனுக்குத் தெரியும் அல்லவா, அந்த வகையில் அவன் பொய்யும் சொல்லவில்லை. மாறனுக்குக் குரல் கேட்டது. முகம் எப்படித் தெரியும்? அடுத்த பெயருக்குப் போய்விட்டான்.

திங்கட்கிழமை முன்னோட்டம் வெளியானது. அதில் சந்தைக் காட்சி ஒரு நொடிதான் வரும். மறுநாள் காலை நான் தேநீரோடு உட்கார்ந்து ரசிகர்கள் எழுதியதைப் பார்த்தேன். யாரோ ஒருவர் அந்த ஒரு நொடியை நிறுத்தி, மூலையில் இருந்த மீசையைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டிருந்தார். கீழே கருத்துகளில் திருவிழா. "கொம்பன் உயிரோடு இருக்கிறார்." "எனக்கு அப்போதே தெரியும்." "அழுதுவிட்டேன்." "அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்." ஒருவர் பழைய காட்சிகளை எல்லாம் தோண்டி எடுத்து, கொம்பன் எப்படித் தப்பியிருக்க முடியும் என்று நிரூபித்திருந்தார். நிரூபணம் மிக நன்றாக இருந்தது. நம் ஆட்கள் யாராலும் அவ்வளவு கவனமாக எழுத முடியாது. என் தேநீர் ஆறிப்போயிற்று.

நான் ஸ்டூடியோவுக்குப் போனபோது எல்லோரும் மாறனின் மேசையைச் சுற்றி நின்றிருந்தார்கள். கோலாலம்பூரில் நம் விளையாட்டை வெளியிடும் நிறுவனத்து அம்மையார் ஒலிபெருக்கியில் பேசிக்கொண்டிருந்தார்.

"மாறன், இது சும்மா கெடச்ச சான்ஸ் லா. அவரு உயிரோட இருக்காருன்னு சனிக்கிழம மேடையிலயே சொல்லிருங்க. அடுத்த பாகத்துக்கு அவருதான் ஹீரோ. நா மேலிடத்துல பேசிட்டேன், ரொம்ப ஹேப்பி. சாயந்தரத்துக்குள்ள எனக்குச் சரின்னு சொல்லிருங்க."

அவர் தொடர்பைத் துண்டித்ததும் எல்லோரும் சேகரனைப் பார்த்தார்கள்.

"என்னா லா எல்லாரும் என்னையே பாக்குறீங்க? சட்டைய மாத்துனேன்தானே?"

"மீசைய ஏன்டா விட்ட?" என்றான் மாறன்.

"எடுக்க மனசு வரல பாஸ். அந்த மீசைய வரைய எவ்ளோ நாளாச்சி தெரியுமா?"

"கெடக்கட்டும் விடு. நல்லதாத்தான் முடிஞ்சிருக்கு." மாறன் என் பக்கம் திரும்பினான். "அங்கிள், அவரு இருந்துட்டுப் போகட்டுமே? பனி ஆளக் கொல்லாது, மறைக்க மட்டும்தான் செய்யும்னு ஒரு வரி எழுதிக் குடுத்துருங்க. யாருக்கு என்ன நஷ்டம்?"

"ரெட்டப் பொறவின்னு வைக்கலாம்," என்றான் சேகரன். "அண்ணன் போயிட்டாரு, தம்பி சந்தைக்கி வந்திருக்காரு."

"அதே மீசையோடயா?"

"ஒரே வீட்டுல பொறந்தவங்கதானே பாஸ்?"

 சன்னலோரம் நின்றிருந்த கலா திரும்பாமலே கேட்டாள்: "அப்ப சின்னி யாருக்காக வெளக்கு ஏத்துறா?"

பிறகு எங்கள் பக்கம் திரும்பினாள்.

"அவரு பாசார்ல நின்னு கச்சாங் கடல சாப்பிட்டுக்கிட்டு இருக்காரு. இவ தெனம் மழையில நனஞ்சிக்கிட்டு வந்து வெளக்கு ஏத்துறா. அப்படித்தானே? படம் பாக்குறவங்க இவள என்னான்னு நெனப்பாங்க? லூசுன்னு நெனப்பாங்க." அவள் குரல் உயரவில்லை. "அவரு உயிரோட இருக்கட்டும் மாறன். எம் பேர மட்டும் படத்துலேர்ந்து எடுத்துருங்க. அப்பாவ வர வேணாம்னு சொல்லிர்றேன்."

மாறன் கெட்டவன் அல்ல. மாடி வாடகையும் உங்கள் சம்பளமும் அவன் தலையில் இருக்கின்றன. தலையைச் சொறிந்துகொண்டு, கடைசியில் எல்லா முதலாளிகளும் செய்வதைச் செய்தான். "அங்கிள், நீங்கதான் காப்பாளர். நீங்க சொல்லுங்க," என்றான். இத்தனை நாள் என்னை யாரும் அந்தப் பதவிப் பெயரால் அழைத்ததில்லை.

இங்கேதான் உங்களுக்குச் சொல்ல வேண்டியது இருக்கிறது. தவறு நடந்தால் திருத்தி, திருத்தியதை அறிவி என்பது நடைமுறை. எனக்கு அது மனப்பாடம். ஆனால் திருத்தி என்னவென்று அறிவிப்பது? சந்தையிலிருந்து கொம்பனை ஓசைப்படாமல் துடைத்துவிட்டால், ரசிகர்களின் கையில் படம் இருக்கிறது, வட்டம் போட்டு வைத்திருக்கிறார்கள். நாம் எதையோ மறைக்கிறோம் என்று சொல்லி இன்னும் பலமாக நம்புவார்கள். தவறுதலாக இடம்பெற்றுவிட்டது, வருந்துகிறோம் என்று ஓர் அறிக்கை விடலாம். அழுதுகொண்டே அம்மாவிடம் ஓடியவருக்கு அலுவலக அறிக்கையா பதில்? மாறன் கேட்டபடி ஒரு வரி எழுதிக் கொடுப்பதுதான் சுலபம். அந்த வரி எனக்கு அப்போதே மனதில் வந்துவிட்டது, அதுவும் நல்ல வரி. அதனால்தான் பயந்தேன். எந்தப் பிழையையும் மூடும் அளவுக்குத் தலபுராணத்தில் துணி இருக்கிறது. அந்தத் துணியை யார் உடுப்பிலிருந்து கிழிக்கிறோம் என்பதைப் பார்க்க வேண்டும். மீசையை விட்டது சேகரன். நினைவிலிருந்து கூப்பிட்டது மாறன். ஈடு கட்டப்போவது கலாவின் படம்.

படத்தை இன்னொரு முறை போட்டுப் பார்த்தேன். காலி முக்காலி வந்தபோது எனக்குத் தோட்டத்து ஞாபகம் வந்தது. எங்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. யாராவது இறந்துபோனால், அடக்கம் முடிந்த மறுநாள் பெரட்டில் பெரிய கிராணி அந்தப் பெயரை ஒரே ஒரு முறை கூப்பிடுவார். ஊருக்கே குரல் இரவல் கொடுக்கிறவர்கள் அன்று வாய் திறக்க மாட்டார்கள். அவர் முகத்தைத் தேடுவதுபோலக் கூட்டத்தைப் பார்ப்பார். பிறகு அடுத்த பெயர். புதிதாக வந்த ஒரு துரை, செத்தவனை எதற்குக் கூப்பிட்டு நேரத்தை வீணாக்குகிறாய் என்று கேட்டார். "வரலேன்னு எல்லாருக்கும் ஒரே நேரத்துல தெரியணும் துரை. இல்லேன்னா ஒவ்வொருத்தனும் தனித்தனியா தேடிக்கிட்டு இருப்பான்," என்றார் பெரிய கிராணி. துரைக்கு அது புரிந்ததா என்று தெரியாது. மறுபடி கேட்கவில்லை.

மாறனிடம் போய்ச் சொன்னேன். சந்தையில் கொம்பன் நிற்கும் இடத்தில் ஒரு பலாப்பழக்காரரை நிறுத்த வேண்டும், மீசை இல்லாதவராக. சனிக்கிழமை படத்துக்கு முன்னால் மேடையில் பெரட்டு வைக்க வேண்டும். ஒன்பது காவலர்களையும் கூப்பிடுவேன். ஆறாவது பெயருக்கு யாரும் பதில் சொல்லக் கூடாது.

"அவ்ளோதானா?"

"அவ்வளவுதான்."

"கோலாலம்பூர் அம்மாகிட்ட நா என்னா சொல்றது அங்கிள்?"

"ஆறாம் சாவடிக் காவலர் பணியில் இறந்தார், மறுநியமனம் இல்லை என்று சொல்."

"நீங்க வெளையாடுறீங்க."

"நம் தொழிலே அதுதானே?"

அவன் சிரிக்கவில்லை. ஆனால் தொலைபேசியை எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்குப் போனான். திரும்பி வந்து, "சனிக்கிழம அவங்களும் நேரலையில பாப்பாங்களாம். சனங்க கோவப்பட்டாங்கன்னா அடுத்த பாகத்த மறந்துருங்கன்னு சொல்லிட்டாங்க," என்றான். கலா தன் மேசைக்குப் போய் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து ஒரு ரொட்டி சானாய் வாங்கிவரச் சொன்னாள். நான் அதை நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை மாலை மண்டபம் நிறைந்துவிட்டது. பூப்பந்து ஆடுகளக் கோடுகளின்மேல் நாற்காலி போட்டிருந்தார்கள். முன்வரிசையில் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள், நடுவில் ரந்தாவிலிருந்தும் சிரம்பானிலிருந்தும் வந்த ரசிகர்கள், பின்னால் இப்போது தோட்டத்தில் வேலை செய்யும் இந்தோனேசியக்காரர்கள். சிலர் பசைபோட்டு ஒட்டிய கொம்பன் மீசையோடு வந்திருந்தார்கள். அவர்களை எண்ணத் தொடங்கிப் பாதியில் விட்டுவிட்டேன். மேடைக்குப் பக்கத்தில் சின்னத் திரை ஒன்றில், நேரலையில் பார்ப்பவர்கள் எழுதுவது மழைபோல ஓடிக்கொண்டிருந்தது. எல்லாம் கொம்பன், கொம்பன். கலாவின் அப்பா ஓரமாக, சட்டையின் மேல்பொத்தானையும் போட்டுக்கொண்டு, நேர்காணலுக்கு வந்தவர்போல உட்கார்ந்திருந்தார். கலாவைக் காணோம். வெளியே கால்வாய் ஓரம் நின்றுகொண்டு உள்ளே வர மாட்டேன் என்கிறாள் என்று சொன்னார்கள்.

என் பெரிய கவலை சேகரன். "நீ வாயைத் திறந்தால் எல்லாம் போயிற்று," என்றேன்.

"தெறக்க மாட்டேன் அங்கிள், சத்தியமா."

"உன் சத்தியம் எனக்கு வேண்டாம்." ஒரு தட்டு நிறையக் கறிபாப் பலகாரம் வாங்கி அவன் மடியில் வைத்தேன். ஆறாவது பெயர் வரும்போது வாயில் ஒன்று முழுசாக இருக்க வேண்டும் என்பது உத்தரவு. என் பணிக்காலத்தில் நான் போட்ட உத்தரவுகளில் முழுமையாக நிறைவேற்றப்பட்டது அது ஒன்றுதான்.

மேடையேறிச் சுருக்கமாகச் சொன்னேன். முன்னோட்டத்தில் சந்தையில் நின்ற மீசை எங்கள் தவறு, வேறு அர்த்தம் எதுவும் இல்லை. கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. "பொய் சொல்றாரு லா, சர்ப்ரைஸ் வச்சிருக்காங்க," என்று ஓர் இளைஞர் உரக்கவே சொன்னார். பிறகு, தோட்டத்தில் பெரட்டு எப்படி நடக்கும் என்று சொல்லிவிட்டு, முதல் சாவடிக் காவலர் பெயரைக் கூப்பிட்டேன். "இருக்காரு!" என்றது நம் ஆட்களில் ஒரு குரல். இரண்டாம் சாவடிக்கு மண்டபமே "இருக்காரு!" என்றது. பிள்ளைகளுக்கு விளையாட்டுப் பிடித்துவிட்டது. மூன்று, நான்கு, ஐந்து. ஒவ்வொரு முறையும் கூரை அதிர்ந்தது. நான் நினைத்தது இப்படி அல்ல. இதே வேகத்தில் ஆறாவதுக்கும் கத்திவிட்டால் என்ன செய்வது என்று எந்த நடைமுறையிலும் எழுதியிருக்கவில்லை.

நிறுத்தவும் முடியாது. "ஆறாம் சாவடி," என்றேன். "கொம்பன்."

சின்னத் திரையில் "இருக்காரு, இருக்காரு" என்று கொட்டியது. முன்வரிசையில் ஒரு சிறுமி வாயைத் திறந்தாள். நான் அதட்டவில்லை, கையமர்த்தவில்லை. பெரிய கிராணி சொன்னதை மட்டும் செய்தேன். தலையை நிமிர்த்தி முகத்தைத் தேடினேன். வரிசை வரிசையாக, நிதானமாக, ஓரம் வரைக்கும். ஒட்டு மீசைகளை எல்லாம் தாண்டித் தேடினேன். வாய் திறந்த சிறுமி, நான் யாரைத் தேடுகிறேன் என்று தானும் திரும்பிப் பார்த்தாள். பக்கத்துப் பிள்ளைகளும் திரும்பினார்கள். மண்டபமே திரும்பி வாசலைப் பார்த்தது. வாசலில் யாரும் இல்லை. கண்கள் பிதுங்கக் கறிபாப்போடு சேகரன் மட்டும் எனக்கு நேரே தெரிந்தான். சின்னத் திரையில் மழை தூறலாயிற்று. பிறகு அதுவும் நின்றுவிட்டது. அந்தத் திரை அசையாமல் நின்று நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

அந்த அமைதியில் வாசலில் ஒரு தலை தெரிந்தது. கலா. "கரண்டு போயிருச்சா?" என்றாள்.

யாரும் சிரிக்கவில்லை. அவள் அப்பா மட்டும் எழுந்து, பக்கத்து நாற்காலியில் இருந்த தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அவள் வந்து அங்கே உட்கார்ந்தாள். நான் ஏழாம் பெயரைக் கூப்பிட்டேன். எட்டு, ஒன்பது. பதில்கள் மெதுவாக வந்தன. விளக்கை அணைத்தார்கள்.

படம் ஓடியபோது நான் திரையைப் பார்க்கவில்லை, ஆட்களைப் பார்த்தேன். சின்னி முக்காலியைத் துடைத்தபோது ஒட்டு மீசைக்காரர் ஒருவர் தன் மீசையைப் பிய்த்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். கடைசியில் அவள் ஏறி உட்கார்ந்து, எட்டாத காலை ஆட்டியதும் படம் முடிந்தது. கைதட்டல் வரக் கொஞ்ச நேரம் ஆயிற்று. வந்த பிறகு நிற்கவும் கொஞ்ச நேரம் ஆயிற்று.

கைதட்டல் அடங்கியதும் கலாவின் அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார். மேடையைப் பார்த்து, மிகவும் மரியாதையாகக் கேட்டார்: "ஒரு சந்தேகம். அந்தப் புள்ளைக்கி அந்த வேல நிரந்தரமாயிருச்சா?"

மண்டபம் வெடித்துச் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. பதிலுக்கு நின்றார்.

நான் மாறனைப் பார்த்தேன். மாறன் சின்னத் திரையைப் பார்த்தான். அங்கே மழை மறுபடி பிடித்துக்கொண்டிருந்தது. இப்போது கொம்பன் பெயர் இல்லை. சின்னிக்கு வேலை கொடு, சின்னிக்கு வேலை கொடு. கோலாலம்பூர் அம்மையார் தன் பெயரிலேயே எழுதியிருந்தார்: "கொடுங்க லா."

"ஆயிருச்சி அங்கிள்," என்றான் மாறன் அவரிடம். அவர் தலையசைத்துவிட்டு உட்கார்ந்தார். மகளிடம் எதுவும் சொல்லவில்லை. ஆனால் மண்டபத்தை விட்டுப் போகும்வரை, குறுக்கே வந்தவர்களிடம் எல்லாம், "எம் மக எடுத்த படம்," என்று சொல்லிக்கொண்டே போனார். ஏற்கெனவே சொன்னவர்களிடம் இரண்டாம் முறையும் சொன்னார்.

அடுத்த பெரட்டில் ஆறாம் சாவடி வந்ததும் "சின்னி" என்று கூப்பிட்டேன். "இருக்கா அங்கிள்," என்றாள் கலா. நான் நடைமுறைப்படி அவள் முகத்தைப் பார்த்தேன். பார்க்க வேண்டிய முகமாகத்தான் இருந்தது.

கண் மங்கத் தொடங்கியதால் நான் விலகிக்கொண்டேன். பெரட்டை இப்போது கலா நடத்துகிறாள். திங்கட்கிழமைகளில் பாத்திரங்களோடு ஸ்டூடியோ ஆட்களின் பெயரையும் கூப்பிடுவது வழக்கம், அது நான் கொண்டுவந்ததுதான். விலகியவர் பெயரை நீக்க வேண்டும் என்று எழுதியும் கொடுத்திருக்கிறேன். இன்னும் என் பெயரைக் கூப்பிடுகிறாள் என்று கேள்விப்படுகிறேன். மூலை மேசையிலிருந்து, வாயில் எதையோ மென்றுகொண்டு, "இருக்காரு!" என்று ஒரு குரல் வருகிறதாம்.

இது அப்பட்டமான நடைமுறை மீறல். அதைத் திருத்தும் பொறுப்பு புதியவர்களான உங்களுடையது. ஆனால் அவசரம் ஒன்றும் இல்லை.